சேவையும் ஒரு பாடவேளை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் பண்பு வளர்ச்சிக்குச் சேவைவழிக் கற்றல் – அதாவது, பிறருக்குப் பயன்படும் வேலை ஒன்றைப் பாடத்தோடு இணைத்துப் பிள்ளைகளே பொறுப்பேற்றுச் செய்து, செய்ததை மீள எண்ணிப் பார்ப்பது – எவ்வாறு துணைசெய்யும் என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியுள்ளேன்.

எமது பாடசாலையில் மாதந்தோறும் சிரமதானம் நடைபெறுகிறது. மாரியில் நுளம்பு ஒழிப்பு, ஐப்பசியில் பனம்விதை நடுகை, நவராத்திரிக்கு முன் வளவுத் துப்புரவு என எல்லாவற்றிலும் பிள்ளைகள் பங்குபற்றுகிறார்கள். நீங்கள் சொல்லும் சேவைவழிக் கற்றல் இதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
– தரம் 4 வகுப்பாசிரியை, கொக்குவில்

சிரமதானத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. கொழும்பு நாளந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன, 1958 இல் தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள மக்களோடு தங்கி உழைக்கச் செய்ததிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. மண்வெட்டி பிடித்தது அங்கே பாதிப் பாடந்தான். தாம் முன்பின் அறியாத மனிதரின் வாழ்வை அருகிருந்து கண்டது மறுபாதி. எமது பாடசாலைகளில் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் முதற்பாதி மட்டுமே. எதைச் செய்வது என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார், எப்போது நிறுத்துவது என்பதை மணி முடிவு செய்கிறது, ஏன் செய்தோம் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. பனம்விதையின் முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கும். ஓலை மேலே தலைகாட்டப் பல மாதங்கள் செல்லும். அந்த மாதங்களில் நட்ட இடத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறையேனும் திரும்ப அழைத்துச் சென்றோமா என்று நாம் எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேறுபாட்டை விளக்க, என் அநுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் முன்பு கற்பித்த பாடசாலையின் மதிலுக்கு அப்பால், வீதியோரமாகப் பழைய தண்ணீர்த் தொட்டியொன்றும் அதன் அருகே ஆவுரஞ்சிக்கல் ஒன்றும் இருந்தன. தொட்டி வறண்டு, சருகும் வெற்றிலைக் காவியுமாகக் கிடந்தது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்காகத் தரம் 3 பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்ற ஒருநாள், “ரீச்சர், இந்தக் கல்லை ஏன் நட்டு வைச்சிருக்கினம்?” என்று ஒரு மாணவன் கேட்டான். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு வரும்படி சொன்னேன். மறுநாள் வகுப்பே விடையோடு வந்தது: மாடுகள் உடம்புத் தினவு தீர உரஞ்சிக்கொள்ளும் கல் அது; தொட்டி அவை தண்ணீர் குடிப்பதற்கானது; தலைச்சுமையோடு நடந்து போனவர்கள் பாரத்தை இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கியும் அக்காலத்தில் வீதியோரங்களில் இருந்தது. “அப்ப இப்ப ஏன் தண்ணி விடுறேல்லை?” என்று ஒரு சிறுமி கேட்டாள். என் பாடக்குறிப்பில் இல்லாத அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

தொட்டி நிறைய எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் பத்து லீற்றர் வாளியால் அளந்தார்கள், 24 வாளி. எட்டு வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து அரைவாளிதான் தூக்க முடியும். ஆகவே தொட்டியைப் பாதியளவே நிரப்புவது, அதற்கு அரைவாளி வீதம் 24 தடவை கொண்டுசெல்வது என்று கணக்கிட்டு முறை வகுத்துக்கொண்டார்கள். கணித பாடத்தில் நான் அதற்கு முன் கொடுத்த எந்தப் பயிற்சிக்கும் அவ்வளவு கவனமான விடைகள் வந்ததில்லை.

மூன்றாம் கிழமை தொட்டிக்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிவதைக் கண்டோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தொட்டியை வற்றவிட வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு வரும் என்றனர் சிலர். ஆடு மாடு எங்கே போய்க் குடிக்கும் என்றனர் மற்றவர்கள். இரு பக்கத்தாரும் நியாயமே பேசினர். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்தோம். எமது வெப்பநிலையில் முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும் என்றும், டெங்கு நுளம்பின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்றும் அவர் விளக்கினார். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்கவும் வேண்டும் என்று பிள்ளைகள் தாமே கண்டுகொண்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் தொட்டியை வெறுமையாக்கி, பொச்சால் சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடுவது என்று தீர்மானமாயிற்று. ஓர் உயிரின் தாகத்தையும் ஊராரின் நலத்தையும் ஒருசேரக் கருதி எடுத்த முடிவு அது. எடுத்தவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகள்.

மார்கழி விடுமுறைக்கு முன் தொட்டியை எவரிடமும் ஒப்படைக்காமல் விட்டுவிட்டேன். அது என் தவறு. தை மாதம் அவ்வகுப்போடு தரம் 4 க்குச் சென்றபோது, தொட்டியில் மழைத்தண்ணீர் நிறைந்து குடம்பிகள் மண்டிக் கிடந்தன. பிள்ளைகளின் முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த விடுமுறைக்கு ஒரு கிழமை முன்னதாகவே நான்கு பேர் என்னிடம் அனுமதி கேட்டு, எதிர்ப்பக்கக் கடைக்காரரிடம் சென்று பேசி, அவரது சம்மதத்தோடு திரும்பி வந்தார்கள். பொறுப்பு என்ற சொல்லை நான் ஒருநாளும் கரும்பலகையில் எழுதவில்லை.

உங்கள் மாதாந்தச் சிரமதானத்தைக் கைவிட வேண்டியதில்லை, ஆசிரியையே. அவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து, ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டுப் பாருங்கள்.

என் மகன் அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டும். ஞாயிறுதோறும் அறநெறிப் பாடசாலைக்கும் அனுப்புகிறேன். நற்பண்பு அங்கே கற்பிக்கப்படும்போது, பாடசாலையில் பிள்ளையின் கையில் விளக்குமாற்றைக் கொடுப்பது நேர விரயம் அல்லவா?
– ஒரு தாய், மானிப்பாய்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எமது வீடுகளில் ஏற்படுத்தும் அழுத்தத்தை நான் நன்கறிவேன். உங்கள் கவலையை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சேவைவழிக் கற்றலுக்குக் கிழமையில் ஒரு பாடவேளை போதும். அதுவும் புதிதாகத் தேட வேண்டிய நேரமன்று. அளத்தல், எழுதுதல், அவதானித்தல் ஆகியவை எவ்வாறாயினும் கற்பிக்கப்பட வேண்டியவையே. 2011 இல் செலியோ, டூர்லக், டிம்னிக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர், 11,837 மாணவர் தொடர்பான 62 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, சேவைவழிக் கற்றலில் ஈடுபட்டோரின் சமூகத் திறன்களும் கற்றல் மீதான மனப்பாங்கும் மட்டுமன்றிப் பாட அடைவும் உயர்ந்திருந்ததைக் கண்டனர். அம்மாணவருள் வயதில் மூத்தவர்களே அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் பாடத்தோடு இணைத்த சேவை, மாணவரின் சொந்தக் கருத்துக்கு இடம், ஊராரின் பங்கு, செய்ததை மீள எண்ணிப் பார்த்தல் ஆகியவை அமைந்த இடங்களில் பயன் கூடியிருந்தது என்ற அவர்களது முடிவு சிறு வகுப்புகளுக்கும் பொருந்துவதை நான் கண்டிருக்கிறேன்.

அறநெறிப் பாடசாலைக்குத் தொடர்ந்து அனுப்புங்கள். ஆனால் கேட்ட அறம் நடத்தையாக மாறுவதற்குப் பழக்கம் வேண்டும். ஹாட்ஸ்ஹோர்ன், மே என்னும் இருவர் ஆயிரக்கணக்கான அமெரிக்கச் சிறுவரைச் சோதித்து 1928 முதல் 1930 வரை வெளியிட்ட ஆய்வில், நேர்மையைப் பற்றி நன்கு அறிந்திருந்த பிள்ளைகளும் சந்தர்ப்பம் மாறும்போது வேறுவிதமாக நடந்துகொண்டதைக் காட்டினர்.

விளக்குமாறு பற்றிய உங்கள் தயக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. துப்புரவு வேலையைத் தண்டனையாகக் கொடுக்கும் வழக்கமும், குறிப்பிட்ட சில பிள்ளைகளிடமே அதை ஒப்படைக்கும் வழக்கமும் எமது மண்ணில் இருந்தன. யாழ்ப்பாணப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவும் ஒன்றாக உண்ணவும் 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் போராட வேண்டியிருந்தது. அந்த நினைவு இருக்கும் ஊரில், யார் கூட்டுகிறார், யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதைப் பிள்ளைகள் கூர்ந்து கவனிக்கிறார்கள். பெண் பிள்ளைகள் கூட்டுவது, ஆண் பிள்ளைகள் கதிரை தூக்குவது என்ற பங்கீடும் இதே வகையானதுதான். முறைப்பட்டியலில் எல்லோருடைய பெயரும் வர வேண்டும், ஆசிரியரின் பெயரும் அதில் இருக்க வேண்டும், தண்டனையாக ஒருபோதும் துப்புரவு வேலை கொடுக்கக் கூடாது. இம்மூன்றும் இல்லாவிட்டால் அதிபரிடம் சென்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; கேளுங்கள்.

சேவையில் சிறந்து விளங்கும் பிள்ளைகளுக்குச் சான்றிதழும் பரிசும் வழங்கினால் மற்றவர்களும் ஊக்கம் பெறுவார்கள் அல்லவா?
– பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர், பருத்தித்துறை

வழங்காதிருப்பதே நல்லது. 1973 இல் லெப்பர் முதலிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், விருப்பத்தோடு படம் வரைந்த பாலர்களுள், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பின்னர் பரிசில்லாத வேளையில் குறைவாகவே வரைந்தனர். வேனக்கன், ரோமசெல்லோ ஆகியோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வும், 20 மாதக் குழந்தைகளிடம் கூட, உதவிக்குப் பொருள் கொடுத்துப் பழக்கியபின் தானாக உதவும் இயல்பு குறைவதைக் காட்டியது. எமது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே போதிய போட்டிகள் உள்ளன. நன்றி சொல்ல வேண்டுமானால் அதை உதவி பெற்றவரே சொல்லட்டும்.

தரம் 1, 2 பிள்ளைகளிடம், செய்த வேலையைப் பற்றிச் சிந்திக்கச் சொல்லிக் கேட்டால், “பிறருக்கு உதவ வேண்டும்” என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். வேறு எதுவும் வருவதில்லை. என்ன செய்வது?
– ஆசிரிய பயிலுநர், கோப்பாய்

“இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு எந்த விடையை ஆசிரியர் விரும்புவார் என்பதைப் பிள்ளைகள் முதல் தவணையிலேயே அறிந்துவிடுகிறார்கள். கண்ணால் கண்டதைக் கேளுங்கள். எது பாரமாக இருந்தது? எந்த இடத்தில் அலுத்துப்போனது? யாருடைய முகத்தைப் பார்த்தாய்? நீ நினைத்தபடி நடக்காதது எது? நாளைக்கும் செய்யச் சொன்னால் எதை மாற்றுவாய்? ஒருநாளைக்கு ஒரு கேள்வி போதும். ஆறு வயதுப் பிள்ளை முதலில் வரையட்டும்; வரைந்ததைக் காட்டிப் பேசட்டும்; அது சொல்லும் ஒரு வாக்கியத்தைப் படத்தின் கீழே நீங்கள் எழுதிக் கொடுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொற்கள் எழுத்தாக நிற்பதைக் காணும் பிள்ளைக்கு அதுவே வாசிப்புப் பாடமும் ஆகிறது.

அலுப்பையும் வெறுப்பையும் பிள்ளை சொல்ல அனுமதியுங்கள். மேலே சொன்ன தொட்டிக்குத் தண்ணீர் சுமந்த ஒரு சிறுமி, “ஆடு குடிக்கேக்குள்ள என்னைத் திரும்பியும் பாக்கேல்லை, ரீச்சர்” என்று முகம் வாடிச் சொன்னாள். நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். சற்று நேரம் கழித்து, “அதுக்குத் தண்ணி விடாய்தானே” என்று அவளே சொன்னாள். நான் உடனே அறிவுரை சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது வாக்கியம் பிறந்திராது. பிள்ளை பேசி முடித்தபின் சிறிது நேரம் மௌனமாக இருக்கப் பழகுவது இளம் ஆசிரியருக்குக் கடினம். எனக்கும் பல ஆண்டுகள் பிடித்தன.

பிள்ளைகளை மதிலுக்கு வெளியே அழைத்துச் செல்வது பாதுகாப்பானதா?
– ஒரு பேரனார், சாவகச்சேரி

முன்னேற்பாடு இருந்தால் பாதுகாப்பானதே. பெற்றோரின் எழுத்துமூல அனுமதியும் அதிபரின் ஒப்புதலும் முதலில் வேண்டும். எமது மாவட்டத்தில் இரண்டை மறக்கவே கூடாது: ஆளில்லா வளவுகளில் கட்டில்லாமலும் மூடியில்லாமலும் கிடக்கும் கிணறுகள், போர்க்காலத்தில் விடுபட்ட வெடிபொருள்கள். ஆசிரியர் முன்னதாகச் சென்று பார்த்து வராத காணிக்குள்ளும் பற்றைக்குள்ளும் பிள்ளைகள் கால்வைக்கக் கூடாது. இனந்தெரியாத பொருளைத் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்ல வேண்டும். உடைந்த கண்ணாடி, வடிகால், மலசலகூடம் ஆகியவை சிறுவர் கைக்குரிய வேலைகள் அல்ல. வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும்.

எங்கள் பாடசாலையில் மொத்தம் 41 பிள்ளைகள். பெரும்பாலானோர் கடற்றொழிலாளரின், கூலித் தொழிலாளரின் பிள்ளைகள். கொப்பி, பை, சப்பாத்து எல்லாம் புலம்பெயர்ந்த நலன்விரும்பிகளின் உதவியால் கிடைக்கின்றன. தாமே உதவி பெறும் பிள்ளைகளைச் சேவை செய்யச் சொல்வது முறையாகுமா?
– ஓர் அதிபர், தீவகம்

வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதே. அதிபர் அவர்களே, கையளிப்பு வைபவம் ஒன்றை மனக்கண்ணில் பாருங்கள். பின்னால் பதாகை, முன்னால் ஒரு பை. பையின் ஒரு பக்கத்தை உதவியாளர் பிடித்திருப்பார், மறுபக்கத்தைப் பிள்ளை பிடித்திருக்கும். படம் எடுத்து முடியும் வரை இருவரும் அதை விடாமல் நிற்பார்கள். பிள்ளை பையைப் பார்க்காது, கமராவைப் பார்க்கும். ஆண்டில் நான்கைந்து தடவை இவ்வாறு நிற்கும் பிள்ளை தன்னைப் பற்றி எதைக் கற்றுக்கொள்ளும் என்று எண்ணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. உதவி தேவை, உதவுபவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாங்குவது ஒன்றே தன் பங்கு என்று அப்பிள்ளை நம்பிவிடக் கூடாது. ஆகவே மற்றெல்லாப் பிள்ளைகளையும் விட உங்கள் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்கும் வாய்ப்பு முதலில் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காசில்லாமல் கொடுக்கக்கூடியது என்ன? உங்கள் தீவில், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் முதியவர்கள் பலர் இருப்பார்கள். கண் மங்கியதால் பத்திரிகை வாசிக்க முடியாதவர்களும் அவர்களுள் இருப்பார்கள். தரம் 4, 5 பிள்ளைகள் இருவர் வீதம், ஓர் ஆசிரியரோ பெற்றோரோ உடன் செல்ல, கிழமையில் ஒருநாள் இருபது நிமிடம் சனசமூக நிலையப் பத்திரிகையை அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். தட்டித் தட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அவர்களைப் போலப் பொறுமையான கேட்போர் வகுப்பில் கிடைக்க மாட்டார்கள். முந்தைய நாளே செய்தியைத் தெரிந்து, கடினமான சொற்களைப் பார்த்து, வாசித்துப் பழகிச் செல்ல வேண்டும் என்பதால் தமிழ்ப் பாடமும் அங்கேயே நடக்கும்.

பிள்ளைகள் திரும்பி வரும்போது வெறுங்கையோடு வரக் கூடாது. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்னும் காற்றுகள் எந்த மாதத்தில் எத்திசையிலிருந்து வீசும், எப்போது எந்த மீன் படும், எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பவற்றை ஆச்சியிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். ஆண்டிறுதியில் அக்கொப்பி தரம் 2 பிள்ளைகளுக்கு வாசிப்பு நூலாகும். ஆச்சியும் வெறுமனே உதவி பெற்றவராக இராமல், பாடசாலைக்கு ஓர் ஆசிரியை ஆகிவிடுவார்.

தொடங்குமுன் அவரது விருப்பத்தை நேரில் சென்று கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். முதல் தவணையில் இரண்டு வீடுகளுக்கு மேல் ஏற்க வேண்டாம். ஏனெனில் இடையில் நிறுத்திவிட்டால், வியாழக்கிழமை பின்னேரம் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை நாம் ஏமாற்றியவர்களாவோம். தரம் 5 பிள்ளைகள் விடைபெறும்போது, தங்களுக்குப் பின் வருபவர்களைத் தாமே அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தட்டும்.

முதியவர் நோயுறக்கூடும், ஒருநாள் இறந்தும் போகக்கூடும். அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். பெற்றோரின் சம்மதத்தோடு அவர்கள் செத்தவீட்டுக்குச் சென்று வரலாம். சில நாட்கள் கழித்து, ஆச்சி தங்களுக்கு என்னென்ன சொல்லித் தந்தார் என்பதை எழுதி, அந்தக் கொப்பியின் பிரதி ஒன்றையும் சேர்த்து, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அவர்கள் கடிதம் அனுப்பலாம்.